வெள்ளிக்கிழமை குசினி மெழுகிறது

எனக்குப் பிடிச்ச வேலை குசினி மெழுகிறது. நாங்கள் இருக்கிறது கிளிநொச்சி, உருத்திரபுரம். இந்திய அரசாங்கத்தின்ர வீட்டுத்திட்டத்தில 550,000 இலங்கை ரூபா தந்து கட்டின சீமெந்து வீடு. எண்டாலும் சமையல் பின்வளவில போட்ட மண் குசினியிலதான். அரைச்சுவர், கிடுகுக் கூரை, மண் நிலம்.

வெள்ளி விடிய மாட்டடியில ஈரச் சாணி அள்ளுவன். அதுக்குள்ள கிடக்கிற வைக்கல் தும்பு, சின்னக் கல்லு எல்லாத்தையும் விரலால நெருடிப் பொறுக்கவேணும். ஒரு கல்லு விட்டாலும் இழுக்கேக்க கோடு விழும். தண்ணி விட்டு, கொஞ்சம் கரித்தூள் சேர்த்து, கூழ்ப்பதத்துக்குக் கரைப்பன். நிலத்தில வெடிப்பு இருந்தா முதல்நாளே புற்றுமண் குழைச்சு அடைச்சு வைக்கவேணும். அடுப்படி மூலையில தொடங்கி வாசலைப் பார்த்துப் பின்னுக்குப் பின்னுக்கு வரவேணும். கை எட்டுமட்டும் ஒரு வளைவு, அதுக்குப் பக்கத்தில இன்னொண்டு. "இடையில கையை எடுக்காதை பிள்ளை, ஒரே இழுவையா இழு" எண்டு அம்மா சொல்லுவா. காயக் காயக் கரும்பச்சை வெளுத்து, விரல் போன தடம் மட்டும் வரிவரியாத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு வாசலில குந்தியிருக்கிற கொஞ்ச நேரம் எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

2009 இல சண்டையால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ இருந்தம். மெழுக நிலமில்லை. அம்மா கூடார வாசலில ஒரு பாய் அகலத்தை நாளுக்கு மூண்டுதரம் கூட்டுவா. திரும்பி வந்தபோது வளவில நெஞ்சளவு புல்லு, வீட்டில அத்திவாரம் மட்டும். ஆக்கள் விட்டிட்டுப் போன மாடுகள் கட்டாக்காலியாத் திரிஞ்சுது. அதுகளின்ர சாணியை அள்ளி வந்து, புல்லுச் செருக்கின ஒரு துண்டு நிலத்தை அம்மா மெழுகினா. அண்டிரவு அதிலதான் படுத்தம். எங்கட வீட்டில படுத்த மாதிரித்தான் இருந்தது.

சாணி மணக்காதோ எண்டு கேப்பினம். காய்ஞ்சா மணமே இல்லை. மாரியில மட்டும் நான் மெழுகிறேல்லை, நிலம் காயாமல் பூஞ்சணம் பிடிச்சிடும். மற்ற நாளில எட்டு மணிக்கு முதல் மெழுகினா மத்தியானச் சோத்துக்கு அடுப்பு மூட்டலாம். அதுவரைக்கும் கோழி ஏறாமல் வாசலுக்குக் குறுக்கே ஒரு பழைய தகரத்தைச் சாத்தி வைப்பன்.