கோடை இடிமழை: ஆலங்கட்டி வருமான்னு ரேடாரில் தெரியுமா?

பள்ளிப்பட்டு: ஏப்ரல், மே சாயங்காலத்துல சித்தூர் மலைப்பக்கம் இடிமேகம் திரளுது. மாந்தோப்பு இருக்கு. ஆலங்கட்டி வருமான்னு முன்கூட்டியே பார்க்க முடியுமா?

குடியாத்தம்: முடியும். சென்னை, ஸ்ரீஹரிகோட்டா வானிலை ரேடார் படம் ரெண்டையும் பாருங்க. மேகத்துல பட்டு ரேடாருக்குத் திரும்பி வர்ற அலையோட வலுவை டிபிஇசட்-னு (dBZ) அளப்பாங்க; அது 55 தாண்டினா ஆலங்கட்டிக்கு வாய்ப்பு அதிகம். ஒரே படத்தை நம்பாதீங்க. அடுத்தடுத்த மூணு படத்துல சிவப்புத் திட்டு (அலை வலுவா திரும்புற இடம்) எந்தப் பக்கம் நகருதுன்னு கவனிங்க. 100 கிலோமீட்டர் தள்ளி ரேடார் கதிர் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல போகும். அதுக்குக் கீழே நடக்கிறது தெரியாது, அதுதான் சிக்கல்.

திருத்தணி: குடியாத்தம் அண்ணன் சொன்னது சரி. புழுக்கத்துல திடீர்னு சில்லுனு காத்து அடிச்சா சூறைக்காத்து வந்தாச்சு. உடனே தோப்பை விட்டுக் கிளம்புங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடின்னா 10 கிலோமீட்டர்தான் தூரம். மரத்தடி வேண்டவே வேண்டாம்!

பள்ளிப்பட்டு: நன்றிங்க. எப்ப திரும்பிப் போகலாம்?

திருத்தணி: கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு.