பேய் முகம் காட்டியவுடன் பயம் ஏன் கலைந்துவிடுகிறது?

கேள்வி: கடைசிப்பக்கம்

நண்பர்களுக்கு வணக்கம். பேய்க்கதை என்று அட்டையில் எழுதியிருந்தால் போதும், எப்படிப்பட்ட கதையானாலும் அன்றிரவே படித்து முடித்துவிடுகிற பழக்கம் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்து உண்டு. சில ஆண்டுகளாக ஒரு குறை உறுத்துகிறது. விளக்கை அணைக்கத் தயங்க வைத்த கதைகூட, பேய் நேரில் வந்து நின்றவுடன் சப்பென்று போய்விடுகிறது. அதன் பிறகு அது எத்தனை பேரைக் கொன்றாலும், இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

படித்துப் படித்து எனக்குத்தான் மரத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அண்மையில் நானே ஒரு கதை எழுதிப் பார்த்தபோதுதான், கோளாறு வாசகனிடம் மட்டும் இல்லை என்ற சந்தேகம் வந்தது. கதை இதுதான். தாய் இறந்த பிறகு, வீட்டை ஒழித்துக் கொடுப்பதற்காக மகள் தனியாக வந்து தங்குகிறாள். முதல் நாள் இரவு, தாயின் படிக்கிற கண்ணாடியைத் துடைத்து, காதில் மாட்டும் கம்பிகள் இரண்டையும் மடக்கி, கூட்டில் வைத்து மூடுகிறாள். காலையில் பார்த்தால் கண்ணாடி மேசைமேல், கம்பிகள் விரிந்து கிடக்கிறது. தன் மறதி என்று எண்ணிக்கொள்கிறாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில், துடைத்து வைத்த வில்லையில் ஒரு கட்டைவிரல் ரேகை படிந்திருக்கிறது. நான்காம் இரவு அவள் உறங்காமல் காத்திருக்கிறாள். நள்ளிரவில் தாயின் ஆவி வெள்ளை உடையில் தோன்றி, உயில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தைச் சொல்லி, தன்னை ஏமாற்றிய உறவினரைப் பழிவாங்கும்படி கேட்டுக்கொண்டு மறைகிறது.

படித்துப் பார்த்த தோழி ஒருத்தி, "ரேகை வரைக்கும் என் கை சில்லிட்டிருந்தது, அம்மா வந்து பேசத் தொடங்கியதும் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது" என்றாள். ஆவியின் வருகைக்கு நான் செலவிட்ட அந்த நான்கு பக்கங்கள்தான் கதையில் நான் அதிகம் உழைத்த பகுதி என்பதை அவளிடம் சொல்லவில்லை. பேயைக் காட்டாமலே கதையை முடித்துவிட வேண்டுமா? காட்டித்தான் தீர வேண்டும் என்றால், எப்படிக் காட்டுவது?

மறுமொழி: மூன்றாம் சாமம்

உங்கள் தோழி கைவைத்த இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனியாக வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி அவற்றுள் அணங்கை, அதாவது வருத்தும் தெய்வத்தை, முதலில் நிறுத்துகிறது. விலங்கும் கள்வரும் அரசனும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். வியப்பும் மயக்கமும் கலந்த நிலையாகிய மருட்கையோ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கிறது. இந்தப் பட்டியலில் சிறுமைக்கும் இடம் கொடுத்தவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றும். மடக்கி வைத்த கம்பி விரிந்திருப்பது எவ்வளவு அற்பமான செய்தி! அந்த அற்பத்தனம்தான் நம்மை மருட்டுகிறது; மருட்சியிலிருந்து அச்சத்துக்குப் போகிற வழியை வாசகர் தாமே இருட்டில் தடவித் தடவிக் கடக்கிறார். ஆவி வந்து நின்றுவிட்டால் அவர் கடப்பதற்கு வழி எதுவும் மிச்சம் இல்லை.

இருண்ட மாளிகைகளும் மர்மமும் நிறைந்த கோதிக் நாவல்களால் புகழ்பெற்ற ஆன் ராட்கிளிஃபும் இதையொட்டிய ஒரு வேறுபாட்டைச் செய்தார். அவர் மறைவுக்குப் பின் 1826-இல் வெளிவந்த கட்டுரையில், 'டெரர்' மனத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்கிறது என்றும், 'ஹாரர்' அவற்றைச் சுருக்கி உறையவைக்கிறது என்றும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார். உங்கள் கதையின் மூன்று காலைகளும் முதல் வகை. நான்காம் இரவு இரண்டாம் வகையில்கூடச் சேரவில்லை, ஏனென்றால் உங்கள் ஆவி மிகவும் நல்ல அம்மாளாக இருக்கிறது.

ஆனால் காட்டாமல் விடுவது வேறு, ஒன்றுமே கொடுக்காமல் விடுவது வேறு. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட, மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்தைப் பற்றிய கதையில் இறந்த மகன் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கதவு தட்டப்படுகிறது, தாய் தாழ்ப்பாளோடு போராடுகிறாள், தந்தை கடைசி வரத்தைக் கேட்டு முடிக்கிறார், தட்டல் நிற்கிறது, திறந்தால் வெறிச்சோடிய சாலை. இவ்வளவுதான். இருந்தும் நம் மயிர்க்கால்கள் நிற்பதற்குக் காரணம், அந்த மகன் ஆலை எந்திரத்தில் சிக்கி, அடையாளத்துக்கு உடையைப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிதைந்து இறந்தவன் என்பதை ஆசிரியர் முன்பே நம் காதில் போட்டுவைத்திருப்பதுதான். கதவுக்கு அப்பால் நிற்கிற உருவத்தை வரைகிற வேலையை நம்மிடமே விட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். நீங்கள் தாயைப் பற்றி அப்படி எதையாவது முன்கூட்டியே கொடுத்திருக்கிறீர்களா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

எனக்கு உறுத்துவது ஆவி தோன்றியது அன்று, அது கொண்டுவந்த வேலை. உயில் இருக்கும் இடத்தைச் சொல்ல வந்த ஆவி, தபால்காரர் செய்கிற வேலையைச் செய்கிறது. காரியம் இன்னது என்று தெரிந்த கணத்தில், மகளும் நாமும் அதோடு பேரம் பேசக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறோம்: கேட்டதைக் கொடுத்தால் போய்விடும். கண்ணாடியை விரித்து வைப்பதில் அப்படி எந்தப் பேரத்துக்கும் இடமில்லை. அது எதற்காக விரிக்கிறது? எதையாவது படிக்கவா? யாரையாவது பார்க்கவா? இரவு முழுவதும் அந்தக் கண்ணாடி எந்தத் திசையை நோக்கி இருந்தது என்று மகள் ஒரு முறை குனிந்து பார்த்தால், அவள் படுத்திருந்த கட்டில் தெரிய வேண்டும். இந்த ஒரு வரி உங்கள் நான்கு பக்கங்களைவிட அதிக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

மணிமேகலையில் சுடுகாட்டுக் கோட்டத்தை விவரிக்கிற காதையில் சார்ங்கலன் என்ற சிறுவனின் கதை வருகிறது. இரவில் தனியே அந்தக் கோட்டத்துக்குள் போனவன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு நடுங்கி, ஓடி வந்து, தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் சொல்லி அவள் முன்னாலேயே விழுந்து இறக்கிறான். பெரும்பாலான எழுத்தாளர்கள் அந்த இடத்தோடு நிறுத்தியிருப்பார்கள். சாத்தனார் நிறுத்தவில்லை. பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு கோட்டத்து வாயிலில் நின்று முறையிடும் தாயிடம் சம்பாபதித் தெய்வம் வந்து, அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவனுடைய பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரை உண்டது என்று விடை சொல்கிறது. காப்பியத்தின் நோக்கம் வினையைப் பற்றிப் பேசுவது. பேய்க்கதை வாசகனாகிய எனக்கோ அந்த விடை முன்னைவிட மோசமான பயத்தைத் தருகிறது. பேய் ஆடிக்கொண்டு மட்டுமே இருந்தது. அது அவனைத் தொடவே இல்லை, அவனுக்காகக் காத்திருக்கவும் இல்லை. இப்படி நம்மைப் பொருட்படுத்தாத பேயிடம் எதைக் கொடுத்துத் தப்பிக்க முடியும்?

இன்னொன்று. மகள் முதல் நாள் தன் மறதி என்று எண்ணிக்கொள்வது நல்ல இடம், அதை இன்னும் நீட்டலாம். பேய்க்கதைகளுக்குப் பேர்போன எம். ஆர். ஜேம்ஸ் 1924-இல் எழுதிய ஒரு முன்னுரையில், இயல்பான விளக்கத்துக்கு ஒரு சந்து விட்டுவைப்பது சில வேளைகளில் நல்லதுதான், ஆனால் அந்தச் சந்து நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கட்டைவிரல் ரேகை அவளுடையதாகவே இருக்கலாம். அவள் தன் விரலை வில்லையின் மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கட்டும், ஏறக்குறையப் பொருந்தட்டும்.

மறுமொழி: பட்டப்பகல்

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் "காட்டாதே" என்பது இப்போது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்கே தெரியாதபோது அவர் மர்மம் என்று பெயர் சூட்டித் தப்பித்துவிடுகிற கதைகளை நான் நிறையப் படித்துவிட்டேன். நூற்றைம்பது பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்குக் கடைசியில் திரைச்சீலை மட்டும் ஆடியது என்றால், அதைப் பூடகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட 'திருகின் சுழற்சி' என்ற குறுநாவலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை, கோபுரத்தின் மேல் நிற்கிற ஆளைத் தான் எழுதும் எழுத்துகளைப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாகக் காண்கிறாள். அப்போது நள்ளிரவும் இல்லை, மூடுபனியும் இல்லை. இன்னொரு உருவம் ஏரிக்கு அக்கரையில் பகலிலேயே தெரிகிறது. பேய்கள் முழுதாகவே காட்டப்படுகின்றன. இருந்தும் பயம் குறைவதில்லை, ஏனென்றால் சந்தேகம் பேயின் உருவத்திலிருந்து இடம்பெயர்ந்து, அதைப் பார்க்கிறவளின் மனத்துக்குள் குடியேறிவிடுகிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யிலும் அப்படித்தான்: மனைவி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பெண் கண்ணெதிரே நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள், அவள் யார் என்பதைவிட, அதைச் சொல்கிற எழுத்தாளனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் வாசகரைப் பிடித்து ஆட்டுகிறது. நேர் எதிரான திசையில் கலிங்கத்துப்பரணி இருக்கிறது. செயங்கொண்டார் பேய்களின் பசியையும் பல்லையும் வயிற்றையும் இண்டு இடுக்கு விடாமல் வர்ணித்து, கடைசியில் அவற்றைக் கூழ் சமைக்க வைக்கிறார். அவற்றின்மேல் நமக்கு ஒரு வகைப் பாசம்கூட வந்துவிடுகிறது. உங்கள் நான்கு பக்க வர்ணனை தெரியாத்தனமாக இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதோ என்னவோ.

ஆகவே காட்டுங்கள், ஆனால் ஆவியைக் காட்டாதீர்கள். நான்காம் இரவு மகள் காத்திருந்து களைத்து, விடிகிற வேளையில் விளையாட்டாக அந்தக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொள்ளட்டும். கண் நன்றாகத் தெரிகிறவளுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிய வேண்டும். மங்கவில்லை. இதுவரை இவ்வளவு துல்லியமாக எதையும் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றட்டும். உயிரோடு இருக்கிறவர் செத்தவராக மாறிவிடுகிற முடிவும் கைபட்டுத் தேய்ந்துபோன ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே அந்த மாற்றம் ஒரு பொருளின் வழியாக, அதுவும் நீங்கள் மூன்று நாட்கள் உழைத்து வளர்த்த அதே பொருளின் வழியாக வருகிறது.

கடைசிப்பக்கம்

அனைவருக்கும் நன்றி. நான்கு பக்கங்களையும் நீக்கிவிட்டேன்; நீக்கும்போது வலித்தது, நீக்கிய பிறகு அங்கே என்ன இருந்தது என்றே நினைவில்லை. உயிலும் பழிவாங்கலும் போயின. கண்ணாடி கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரியைச் சேர்த்தேன். ரேகை ஏறக்குறையப் பொருந்துகிறது. முடிவு இப்போது இப்படி இருக்கிறது:

"கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதியில் மடித்துவைக்கப்பட்டிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் அச்சுக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தவைபோல் பளிச்சென்று இருந்தன. அம்மா விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்."

கடைசி வாக்கியம் வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் குழப்பமாக இருக்கிறது.

மறுமொழி: வில்லை

கதை எழுதத் தெரியாது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படிக்கிற கண்ணாடி உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதைக் கண் நன்றாக உள்ளவர் போட்டுக்கொண்டு புத்தகத்தைக் கிட்டத்தில் பிடித்தால் எழுத்து தெளிவாகத்தான் தெரியும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்த வாசகர் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்.

தாய்க்குக் கடுமையான கிட்டப்பார்வை என்று மாற்றிவிடுங்கள். மைனஸ் எட்டு, ஒன்பது பவர் இருந்தால் வில்லையின் ஓரம் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்கும். முதல் நாள் துடைக்கும்போதே மகளின் விரலுக்கு அது தெரியும், நீங்கள் ஒரே ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட கண்ணாடியைப் பழக்கமில்லாதவர் மாட்டினால் எதிர்ச்சுவரில் இருக்கும் நாள்காட்டி கலங்கித் தலை சுற்ற வேண்டும். அவளுக்கு அந்த நாள்காட்டியின் சிறிய எழுத்துவரை தெரியட்டும். அந்த வில்லைக்கு இன்னொரு குணமும் உண்டு: அதற்குப் பின்னால் இருக்கிற கண்கள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இயல்பைவிடச் சிறுத்துத் தெரியும். தாயின் கண்களை மகள் ஆயுள் முழுவதும் அப்படியேதான் பார்த்திருப்பாள். அந்த அறையில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால், புத்தகம் தேவைப்படாது.