புதுப்பிப்பு: தாத்தா குழு போட்ட கூத்துகள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டோங்காட் ஊரில், தாத்தாவின் தெருக்கூத்துக்குழு என்னென்ன கதைகள் போட்டது என்று போன மாதம் கேட்டிருந்தேன், அல்லவா? பதில் பெரியம்மா வீட்டுத் தகரப்பெட்டியிலேயே இருந்தது. ஒரு பழைய நோட்டு. தமிழ் வசனம் முழுக்க ஆங்கில எழுத்தில்! (தாத்தாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.)

அரிச்சந்திரன், நல்லதங்காள் இரண்டும் உறுதி. நல்லதங்காள் வேஷம் கட்டியது தாத்தாவேதானாம். கிணற்றில் போடும் ஏழு பிள்ளைகளுக்கு ஏழு தலையணை, ஓரத்தில் பென்சிலில், "சேலை அத்தையிடம் கேட்கணும்."

அர்ச்சுனன் தபசும் போட்டார்கள் என்று நான் எழுதியது தவறு, நோட்டில் அது இல்லை. தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பதால் வெறும் ஆட்டம் என்றே நினைத்திருந்தேன், எத்தனை வசனம்!

சரி, கரையான் விட்டுவைத்த பக்கங்களை ஸ்கேன் செய்து போடுகிறேன்.