போர்க்காலக் காதல் படம் ஒன்று பரிந்துரைக்க வேண்டும்: காசாபிளாங்காவில் தொடங்கலாமா?

ஞாயிறுமாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய படம் ஒன்றைப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இந்த முறை 1940களின் ஹாலிவுட் காதல் படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அவருக்குப் போர்ப் படங்கள் ஆகாது. குண்டு வெடிக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுவார். எனக்கோ இரண்டு மணி நேரமும் கண்ணீர் வடிக்கும் காதலர்களிடம் பொறுமை இல்லை. யாரைக் கேட்டாலும் 1942இல் எடுக்கப்பட்ட ‘காசாபிளாங்கா’ என்கிறார்கள். இத்தனை புகழ் பெற்ற படங்கள் பல நேரங்களில் பாடப்புத்தகம் போல இருந்துவிடுகின்றன என்பதால் தயங்குகிறேன். இரண்டாம் உலகப்போர் பற்றி அதிகம் அறியாத ஒருவரால் இதனைத் தொடர முடியுமா? முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

பழையசுருள் எழுதியது:

தயங்காமல் பாருங்கள். படத்தின் நீளம் 102 நிமிடங்கள்தான். கதை போர்க்களத்துக்குப் போவதே இல்லை. பாரிஸ் நினைவுகளின்போது தொலைவில் கேட்கும் பீரங்கி ஓசையை உங்கள் மனைவி பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். கதையின் பெரும்பகுதி ஒரு மதுவிடுதிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு மிகக் கொஞ்சம். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, ஐரோப்பாவை விட்டுத் தப்ப விரும்பியவர்களுக்கு லிஸ்பன் துறைமுகமே அமெரிக்காவின் வாசலாக இருந்தது. அங்கே நேராகப் போக முடியாதவர்கள் மார்செய்லிலிருந்து கடல் கடந்து அல்ஜீரியாவின் ஓரான் நகருக்கு வந்து, அங்கிருந்து கிடைத்த வண்டியிலோ கால்நடையாகவோ மொராக்கோவின் காசாபிளாங்காவை அடைந்து, லிஸ்பனுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று காத்துக் கிடப்பதாகப் படம் தொடங்குகிறது. மொராக்கோ அப்போது, ஜெர்மானியருக்கு அடங்கிப்போன விஷி பிரெஞ்சு அரசின் கையில் இருந்தது. இவ்வளவு போதும்.

விடுதியை நடத்துபவர் ரிக் என்ற அமெரிக்கர். ஹம்ப்ரி போகார்ட் அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். வாடிக்கையாளர்களுடன் அமர்ந்து குடிப்பதில்லை, யாருக்காகவும் கழுத்தை நீட்டி ஆபத்தில் மாட்டிக்கொள்வதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் அவரிடம், களவு போன இரண்டு பயணப் பத்திரங்கள் வந்து சேர்கின்றன. அதே இரவில், பாரிஸில் அவரை விட்டு நீங்கிய இல்சா (இங்ரிட் பெர்க்மன்) தன் கணவருடன் உள்ளே நுழைகிறாள். கணவர் நாஜிகளின் வதைமுகாமிலிருந்து தப்பிய செக் நாட்டுப் போராளி. பத்திரங்கள் இரண்டு, மனிதர்கள் மூவர். இதற்கு மேல் கதையைச் சொல்லப் போவதில்லை.

எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் அந்தக் கணவர்தான். முக்கோணக் காதல் கதைகளில் மூன்றாம் ஆளைக் கெட்டவனாக்கியோ சாகடித்தோ எழுத்தாளர்கள் எளிதாக வெளியேறிவிடுவார்கள். இங்கே விக்டர் லாஸ்லோ நேர்மையானவர், துணிவுள்ளவர், மனைவியை உண்மையாகவே நேசிப்பவர். அவரை வெறுக்க நமக்கு ஒரு சாக்கும் கிடைப்பதில்லை. இன்னொன்று: வசனங்கள் மிக வேகமானவை. கிளாட் ரெய்ன்ஸ் நடித்த போலீஸ் தலைவரின் குறும்பான பேச்சைத் தவறவிடாமல் இருக்க, துணையுரையைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

சுண்ணக்கட்டி எழுதியது:

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் சற்றுச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இதைப் ‘போர்ப் பின்னணியில் ஒரு காதல் கதை’ என்று சொல்லிக் கடந்துவிடக்கூடாது. படப்பிடிப்பு நடந்தது 1942 மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. யார் வெல்வார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிற்காலப் போர்ப் படங்களை நாம் வெற்றி தெரிந்த நிம்மதியோடு பார்க்கிறோம். இதை எடுத்தவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது.

விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் தேசப் பாடல் ஒன்றைப் பாட, லாஸ்லோ இசைக்குழுவிடம் சென்று பிரான்சின் தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்லும் காட்சி வரும்போது, துணை நடிகர்களின் முகங்களைக் கவனியுங்கள். அவர்களில் பலர் உண்மையிலேயே ஐரோப்பாவை விட்டு ஓடிவந்தவர்கள். கண்ணீரோடு பாடும் இவோன் என்ற பெண்ணாக நடித்த மதலின் லெபோ, 1940இல் தன் கணவர் மார்செல் தாலியோவுடன் பிரான்சை விட்டுத் தப்பி, அதே லிஸ்பன் வழியாக வெளியேறியவர். தாலியோ யூதர், அவரும் இப்படத்தில் சூதாட்ட மேசைப் பணியாளராகச் சில காட்சிகளில் வருகிறார். கொடிய ஜெர்மானிய மேஜராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியுடன் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் புடாபெஸ்டில் பிறந்தவர். வீடு இழந்தவர்கள், வீடு இழந்தவர்களாகவே நடித்திருக்கிறார்கள்.

காலமும் படத்துக்குக் கை கொடுத்தது. 1942 நவம்பர் 8ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின; நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் வெளியான அதே வாரங்களில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சந்தித்த இடம், காசாபிளாங்காதான். படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

எதிர்வரிசை எழுதியது:

நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூசை செய்ய வேண்டியதில்லை. யாராலும் கேள்வி கேட்க முடியாததாகச் சொல்லப்படும் அந்தப் பயணப் பத்திரங்கள் கதைக்காகக் கற்பனை செய்யப்பட்டவை. நாஜிகள் அப்படி ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டிருப்பார்கள் என்பதை நம்பச் சற்றுத் தாராள மனம் வேண்டும். மொராக்கோவில் நடக்கும் கதையில் மொராக்கோ மக்களுக்கு ஏறத்தாழ வாயே இல்லை. அவர்கள் கடைத்தெரு அலங்காரமாக வந்து போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வாழ்வைத் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் இல்சா, இருவருக்குமாகச் சேர்த்து நீயே யோசி என்று ரிக்கிடம் பொறுப்பை ஒப்படைப்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

உண்மையாகவே அழ வேண்டும் என்றால், விவியன் லீ நடித்து 1940இல் வந்த ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ படத்தைப் பாருங்கள். அதில் முதல் உலகப்போர் ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்தது என்பது ஒளிவு மறைவின்றி வருகிறது.

பழையசுருள் எழுதியது:

மொராக்கோ மக்களைப் பற்றிய குறை நியாயமானது. இல்சாவைப் பற்றியதை மட்டும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்கதையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். தான் இருவரில் யாரைக் காதலிக்கிறேன் என்று பெர்க்மன் கேட்டபோது தெளிவான விடை கிடைக்கவில்லை, நடுவில் நின்று நடியுங்கள் என்றே சொல்லப்பட்டது. அதனால்தானோ என்னவோ, அவர் முகத்தில் ஒரு முடிவும் எழுதியிருக்காது. எழுத்தில் இருக்கும் குறையை அந்த முகம் நிரப்பிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஞாயிறுமாலை எழுதியது:

நேற்று இரவு பார்த்துவிட்டோம். அனைவருக்கும் நன்றி. முதல் பத்து நிமிடங்கள் பெயர்கள் குழப்பின. பியானோ வாசிப்பவரிடம் இல்சா அந்தப் பழைய பாடலைக் கேட்ட பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

முடிவு எனக்கு வியப்பாக இருந்தது, மனைவிக்கு இல்லை. பல்கேரியாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, கணவனோடு அமெரிக்கா போகப் பணமில்லாமல், போலீஸ் தலைவரின் நிபந்தனைக்கு இணங்குவது தவறா என்று ரிக்கிடம் கேட்கிறாளே, அதற்கு முகம் கொடுத்துப் பேசாத ரிக், நேரே சூதாட்ட மேசைக்குப் போய் அவள் கணவனை 22ஆம் எண்ணில் இரண்டு முறை பணம் கட்ட வைத்து வெல்லச் செய்கிறாரே, அந்த இடத்திலேயே மனைவி, ‘இந்த ஆள் கடைசியில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது’ என்றார். யாருக்காகவும் கழுத்தை நீட்டாதவர் என்று நீங்கள் எழுதியதை நம்பி நான்தான் ஏமாந்தேன்.

படம் முடிந்ததும் சுண்ணக்கட்டி அவர்களின் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். தேசிய கீதக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி, இவோன் வரும் இடத்தில் நிறுத்தி வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ பார்க்க வேண்டும் என்பதும் அவர் கட்டளைதான். என் பொறுமையை யாரும் கேட்கவில்லை.