சீகை மரங்களை வெட்டுவது சரிதானா? (நீலகிரி)

பனிவிழும்மலை:
போன வாரம் அவலாஞ்சி பக்கம் போயிருந்தேன். ஒரு சரிவு முழுக்கச் சீகையை (வாட்டில் மரம்) வெட்டி அடுக்கியிருந்தார்கள். கேட்டால் வரையாட்டுக்காகப் புல்வெளியை மீட்கிறோம் என்கிறார்கள். மனது ஒப்பவே இல்லை. காட்டை அழித்துப் புல் வளர்த்தால் எந்த விலங்குக்கு நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குந்தாவாசி:
அது காடே இல்லைங்க. அந்த உயரத்தில் நம் மலை என்பது பள்ளத்தில் சோலை என்கிற குட்டையான அடர்காடு, மேட்டில் புல்வெளி, அவ்வளவுதான். சீகை ஆஸ்திரேலியா மரம், வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, அப்புறம் தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளி மேலேயே நட்டார்கள். வரையாடு திறந்த வெளியில் மேயும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பாறைச் சரிவுக்கு ஓடிவிடும். மரம் அடைத்த இடத்தில் அதற்கு மேய்ச்சலும் கிடையாது, பார்வையும் கிடையாது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கவே 1,031 ஆடுகள்தான், 2025-இல் 1,303. அதுவும் ஒவ்வொரு மலையிலும் தனித்தனிக் கூட்டமாக. இடையில் இருக்கும் புல்வெளி போனால் ஒரு கூட்டம் இன்னொன்றோடு சேரவே வழியில்லை. 2018-இல் பூத்த குறிஞ்சியும் இதே புல்வெளிச் செடிதான்.

மழைக்காடன்:
வெட்டுவது சுலபம் அண்ணா, அதற்கு அப்புறம்தான் வேலையே. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மரத்தை எடுத்து வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும். எங்கள் ஊருக்கு மேலே ஒரு சரிவில் வெட்டியதோடு போய்விட்டார்கள், மூன்றாம் வருடம் உள்ளே நுழைய முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டது. வருடா வருடம் கையால் பிடுங்க ஆள் வேண்டும், இந்த மலைப் புல்லையே நாற்றுவிட்டு நட வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்காமல் வெட்டவே கூடாது என்பேன்.

கொடைக்காரன்:
எல்லாச் சீகையையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் வயதான சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக எழும்பி வருகின்றன. அங்கே கோடரி வைத்தால் வரப்போகும் சோலையும் சேர்ந்து போகும். மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் இப்போது பரவிக்கொண்டிருக்கும் இளஞ்சீகையை முதலில் பிடுங்கட்டும், அதுதான் அவசரம்.

பனிவிழும்மலை:
நன்றி. நான் பார்த்த சரிவில் தரையெல்லாம் சருகுதான், கன்று இருந்ததா என்று கவனிக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன், பக்கத்தில் வெட்டாமல் நிற்கும் தோப்புக்குள் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன். கொடைக்காரன், எது சோலைக் கன்று என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.