புள்ளிமானும் புள்ளித் திருக்கையும்: ரெண்டையும் நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

முதுமலை பக்கம் போனவங்க புள்ளிமான் பாக்காம வந்திருக்க மாட்டீங்க. லட்சத்தீவுல டைவ் பண்ணப்போ புள்ளித் திருக்கைய பாத்ததுல இருந்து எனக்கு ரெண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருது. கருத்த முதுகு, அது பூரா வெள்ளைப் புள்ளி, வாத்து அலகு மாதிரி தட்டையான மூக்கு, அத மணல்ல விட்டு கிளறிக்கிட்டே இருந்துச்சு, சிப்பி நத்தை கிடைச்சா தட்டையான பல்லால ஓட்டோட நொறுக்கிடும். நாங்க கொஞ்சம் கிட்ட போனதும் ரெண்டு தடவ இறக்கைய அசைச்சுது, அவ்ளோதான், காணோம்.

மான் அப்படி ஓடாது, நின்னு நம்மள பாக்கும், சந்தேகம் வந்தா முன்னங்கால தரையில தட்டும், அப்புறம்தான் சத்தம் குடுக்கும். மரத்து மேல இருக்க மந்தி கத்துனாலும் மொத்த கூட்டமும் உஷாராயிடும். மந்தி கீழ போடுற இலை, பழம் திங்க அங்கேயே நிக்கிற மான்தானே, அது குரல நல்லா தெரிஞ்சு வச்சிருக்கு.

*

அருமையா சொன்னீங்க. எனக்கு பெரிய ஆச்சரியம் எலும்புதான். கிடா மானோட கொம்பு முழுக்க எலும்பு, வருஷா வருஷம் விழுந்து திரும்ப முளைக்குது. எல்லா கிடாவுக்கும் ஒரே நேரத்துல விழறதும் இல்ல, ஒரே கூட்டத்துல ஒண்ணு முத்துன கொம்போட நிக்கும், பக்கத்துலயே இன்னொண்ணுக்கு மெத்துனு தோல் மூடுன இளங்கொம்பு இருக்கும், நானே பாத்திருக்கேன். திருக்கை உடம்புல ஒரு எலும்பு கூட கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு! ஆனா ரெண்டுமே குட்டி போடும்.

*

மன்னார் வளைகுடால படகுல போறப்போ திருக்கை தண்ணிய விட்டு எகிறுனத பாத்தேன், வெள்ளை வயிறு பளிச்னு தெரிஞ்சுது, விழுந்த சத்தம் படார்னு கேட்டுச்சு. பாக்க அழகு, ஆனா பெருசு 3 மீட்டர் அகலம் வரைக்கும் வரும், 2008ல ஃப்ளோரிடால படகுல போன ஒரு பெண் மேல மோதி அவங்க இறந்தே போயிட்டாங்க. வால் ஆரம்பிக்கிற இடத்துல விஷ முள்ளு வேற இருக்கு, தயவுசெஞ்சு யாரும் தொட ட்ரை பண்ணாதீங்க. அடுத்து டைவ் போறவங்க முதுகு தெரியுற மாதிரி மேல இருந்து ஃபோட்டோ எடுங்க, ஒவ்வொரு திருக்கைக்கும் புள்ளி வேற வேற மாதிரி இருக்கும், அத வச்சுதான் ஆராய்ச்சி பண்றவங்க இது ஏற்கனவே பாத்ததான்னு அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க.