முதியோர் இல்லத்துக்குத் தோட்டம்: பாத்தி உயரம், பாதை, செடி எப்படி?

மேற்கு_குமரி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லம். பின்னால 3 சென்ட் காலி இடம், ஓரத்துல ரெண்டு தென்னை. 14 பேர் இருக்காங்க; மூணு பேர் சக்கர நாற்காலி, ரெண்டு பேருக்கு மறதி நோய். நிர்வாகம் புல்தரையும் நீரூற்றும் போடலாம்னு சொல்லுது. உருப்படியா பலன் உண்டா?

இயன்முறை_நாகர்கோவில்: புல்தரையில வாக்கர் புதையும், சக்கரம் உருளாது. நீரூற்று நின்னுபோனா கொசுப்பண்ணைதான்.

பலன் உண்டு. 1984ல ரோஜர் உல்ரிச்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வுல, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவங்களைவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. கடுமையான வலி மருந்தும் குறைவாத்தான் தேவைப்பட்டுது. பார்த்ததுக்கே அது. உங்க ஆட்களுக்குக் கையில வேலை வேணும்: நாத்து நட, பூப்பறிக்க, தண்ணி ஊத்த. விரலுக்கும் தோளுக்கும் பயிற்சி, காலை வெளிச்சம் பட்டா ராத்திரி தூக்கமும் சீராகும்.

பாதை 1.5 மீட்டர் அகலம், இல்லேன்னா நாற்காலி திரும்பாது. சரிவு 12க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏத்தம். வழவழ டைல்ஸ் கூடாது. கான்கிரீட் காயுமுன்னே துடைப்பத்தால கோடு இழுங்க. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, பாசி பிடிக்கும், மாசாமாசம் தேய்க்கணும். மறதி உள்ளவங்களுக்குப் பாதை முட்டி நிக்கக் கூடாது, சுத்தி வந்து வாசல்லயே சேரணும்.

தோவாளை_பூக்காரி: அரளி வைக்காதீங்க, நம்ம ஊர்ல எளிதா கிடைக்குதுன்னாலும். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். மறதி உள்ளவங்க வாயில போட்டுடுவாங்க. பிச்சி, துளசி, கற்பூரவல்லி வையுங்க. மணமும் உண்டு, கிள்ளவும் ஆகும்.

செங்கல் பாத்தி 75-90 செ.மீ. உயரம் நின்னு வேலை செய்யிறவங்களுக்குச் சரி. நாற்காலிக்காரங்க பக்கவாட்டுல திரும்பியே வேலை செய்யணும், இடுப்பு பிடிச்சிக்கும். அவங்களுக்கு மேசைத்தொட்டி, அடியில முட்டி நுழைய 70 செ.மீ. விடுங்க. விளிம்புல ஆழம் குறைவா, நடுவுல அதிகமா இருக்கணும், இல்லேன்னா மண் மட்டம் தோளுக்கு வந்துடும். ஒரு பக்கமா மட்டும் எட்டுறதுன்னா அகலம் 60 செ.மீ.க்கு மேல வேண்டாம்.

மண்கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய சாணம் 1, தென்னைநார்க் கழிவு 1. நார்க்கழிவை ரெண்டு மூணு தடவை ஊறவச்சு அலசுங்க, உப்பு நின்னா நுனி கருகும்.

மேற்கு_குமரி: நன்றி அக்கா. தென்னைக்கு அடியில பெஞ்சு போடலாமா? நிழல் அங்கதான்.

இயன்முறை_நாகர்கோவில்: வேண்டவே வேண்டாம், தேங்காயும் மட்டையும் விழும். பந்தல் போட்டுப் பிச்சிக்கொடி ஏத்துங்க. பெஞ்சுக்குக் கைப்பிடி கட்டாயம், இருக்கை உயரம் 45 செ.மீ. தோட்டத்துக்குக் கூட்டிட்டு வர்றது காலை 9 மணிக்குள்ள, இல்லேன்னா சாயங்காலம் 4.30க்கு மேல. நீர் பிரியிற மாத்திரை எடுக்கிறவங்க வெயில்ல சீக்கிரம் தளர்ந்திடுவாங்க. சர்க்கரை உள்ளவங்களைச் செருப்பில்லாம இறக்காதீங்க.